சட்டமன்ற உறுப்பினர் அனுப்பிய செய்தியை நம்பி அப்பா லயத்து வீட்டிலேயே காத்திருக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கூட்டத்தொடர் முடிந்ததும் உங்கள் ஒய்.பி., அதாவது சட்டமன்ற உறுப்பினர், வாட்சாப்பில் ஒரு நீண்ட செய்தி அனுப்பியிருக்கிறார். தோட்டத் தொழிலாளர் வீட்டுரிமை பற்றிச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன், குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆகிவிட்டது, இன்னும் நல்ல செய்தி வரும் என்று அதில் இருக்கிறது. இதெல்லாம் சட்டமா இல்லையா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. அப்பாவுக்கு அடுத்த வருஷம் 60 முடிகிறது, வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், அவரோ "ஒய்.பி.தான் சொல்லிட்டாரே, வீடு நமக்கே வரும்" என்று சொல்லிக்கொண்டு எங்கேயும் வீடு தேடாமல் இருக்கிறார். அப்படியானால் நீங்கள் கேட்பது, இந்தச் செய்தியை நம்பி அப்பா காத்திருக்கலாமா என்பதுதான்.

காத்திருக்க வேண்டாம், இப்போதே தேட ஆரம்பியுங்கள். செய்தியில் பொய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஒய்.பி. எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கலாம், அப்படி இருந்தும் அதில் எதுவும் அடுத்த வருஷத்துக்குள் உங்கள் அப்பா கையில் ஒரு சாவியைத் தராமல் போகலாம். இதை நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரிச் செய்திகளை எழுதியவனே நான்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தொகுதியில் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் 11 வருஷம் வேலை செய்தேன். இப்போது சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். கூட்டம் முடிந்து மலாயில் வரும் குறிப்புகளைத் தமிழில் எழுதி, தோட்டத்துக் கோயிலிலும் சாப்பாட்டுக் கடையிலும் ஒட்டுவதும், அப்புறம் வாட்சாப் வந்த பிறகு அதில் அனுப்புவதும் என் வேலை. நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் எப்படி நகர்கிறது, ஆட்களிடம் அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது எனக்குத் தெரியும். உங்கள் அப்பாவின் வேலைக் கடிதத்தைப் பார்க்காமல் அவருடைய உரிமை இன்னதுதான் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதலில், செய்தியில் உள்ள வினைச்சொற்களைப் பாருங்கள். "எழுப்பினேன்" என்றால் அவர் எழுந்து பேசியிருக்கிறார். "வலியுறுத்தினேன்" என்றால் கொஞ்சம் அழுத்திப் பேசியிருக்கிறார். "தீர்மானம் கொண்டுவந்தேன்" என்பதில் இரண்டு மூன்று அர்த்தம் ஒளிந்திருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அது நிகழ்ச்சி நிரலில் ஏறியிருக்கலாம், அதன்மேல் விவாதம் நடந்திருக்கலாம், ஓட்டெடுப்பில் ஜெயித்தும் இருக்கலாம். சட்டமன்றத்தில் அரசாங்கத்தின் அலுவல்களுக்குத்தான் முதலிடம். சாதாரண உறுப்பினரின் தீர்மானம் வரிசையில் கடைசியில் நின்று, நேரம் போதாமல், பேச்சுக்கே வராமல் போவது சர்வசாதாரணம். சரி, அது ஜெயித்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தீர்மானம் சட்டம் ஆகாது. சட்டமன்றம் தன் கருத்தை, தன் விருப்பத்தைச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். அதைக் காட்டி எந்தத் தோட்ட நிர்வாகியையும் நீங்கள் எதுவும் செய்ய வைக்க முடியாது.

சட்டமாக வேண்டுமானால் அது மசோதாவாக வர வேண்டும். முதல் வாசிப்பில் தலைப்பை மட்டும் படிப்பார்கள், இரண்டாம் வாசிப்பில் விவாதம், பிறகு குழு நிலையில் பிரிவு பிரிவாகப் பார்ப்பார்கள், அப்புறம் மூன்றாம் வாசிப்பு. அதற்கு மேல் பேராக்கில் சுல்தானின் ஒப்புதல், பிறகு அரசாங்கப் பதிவேட்டில், நாம் வார்த்தா என்கிறோமே, அதில் வெளியீடு. நாடாளுமன்ற மசோதா என்றால் மக்களவை முடிந்து மேலவைக்கும் போய் மாமன்னரிடம் போகும். இதில் எந்தப் படியில் நின்றாலும் ஒய்.பி.யின் செய்தியில் அது "நடவடிக்கையில் உள்ளது" என்றே வரும். அதனால்தான் அந்தச் சொல்லைப் பார்த்து யாரும் வீட்டுக் கணக்குப் போடக்கூடாது.

இதில் நானே செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் நாடாளுமன்றம் வேலைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாள், வாரத்துக்கு 48 மணி நேர வேலை 45 ஆவது, அப்பாமார்களுக்கு 7 நாள் விடுப்பு, எல்லாம் அதில் இருந்தன. இது மாநிலச் சட்டமே இல்லை, ஆனாலும் நல்ல செய்தி என்று எங்கள் அறிக்கையில் சேர்த்தோம். நான் எழுதிய வரி இது: "பேறுகால விடுப்பு 98 நாளாக உயர்ந்தது." அந்தத் திருத்தம் செப்டம்பர் 1-இல் அமலாகும் என்று பிறகு அறிவித்தார்கள், அதையும் கடைசி நேரத்தில் 2023 ஜனவரி 1-க்குத் தள்ளி வைத்தார்கள். நான் மறு அறிக்கை எழுதவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஒரு அம்மா சேவை மையத்துக்கு வந்தார். தோட்டத்தில் மரம் சீவியவர், விரல் ஓரமெல்லாம் காய்த்துப்போன கை. பையிலிருந்து என் அறிக்கையை எடுத்தார், நான்காக மடித்து மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. அவர் மகள் ஒரு பேரங்காடியில் வேலை செய்கிறாள், அக்டோபரில் பிரசவம், 60 நாள் முடிந்து வேலைக்கு வரச் சொல்கிறார்கள். "நீங்கதானே எழுதினீங்க 98 நாள்னு, இந்தக் காகிதத்தை அவங்ககிட்ட காட்டவா?" என்று கேட்டார். காட்ட முடியாது. அன்றைய சட்டப்படி அந்த நிறுவனம் செய்தது சரி. பச்சைக் குழந்தையை யாரிடம் விடுவது என்று ஏற்பாடு செய்யாமல் என் காகிதத்தை நம்பி இருந்தவர்களிடம் போய் நான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. "உயர்ந்தது" என்று எழுதிய இடத்தில் "உயரும், தேதி இன்னும் வரவில்லை" என்று எழுதியிருந்தால் போதும். அதன் பிறகு அமலாகும் தேதி இல்லாமல் ஒரு சட்டத்தைப் பற்றியும் நான் எழுதியதில்லை.

இது அபூர்வமாக நடப்பது இல்லை. பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே, அமைச்சர் பதிவேட்டில் அறிவிக்கும் தேதியில் இது அமலுக்கு வரும் என்று ஒரு வாசகம் இருக்கும். ஓட்டுப் போடும் வயதை 18 ஆக்கிய திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, அமலுக்கு வந்தது 2021 டிசம்பர் 15. நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் போய்விட்டது, இளைஞர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். சட்டமன்றத்தில் போட்டியிடும் வயதை 18 ஆக்க அந்தத் திருத்தம் மட்டும் போதவில்லை, ஒவ்வொரு மாநிலமும் தன் அரசியலமைப்பைத் தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. உங்கள் அப்பா 60 வயது வரை வேலையில் இருக்க முடிவதும் இதே மாதிரி ஒரு சட்டத்தால்தான். குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2012-இல் வந்தது, அமலானது 2013 ஜூலை 1.

அடுத்த கேள்வி, இது யார் கையில் இருக்கிறது என்பது. பேராக் சட்டமன்றத்தில் 59 பேர் ஈப்போவில் கூடுகிறார்கள். சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொண்டால் நாடாளுமன்றத்துக்கு ஒரு உறுப்பினர், அதற்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். ஆட்களுக்கு இருவருமே ஒய்.பி.தான், அதனால் யாரிடம் எதைக் கேட்பது என்பது குழம்பிப் போகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை இதைப் பிரித்து வைத்திருக்கிறது. தொழிலாளர், சம்பளம், சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு, கல்வி, குடியுரிமை எல்லாம் கூட்டரசு, அதாவது மத்திய அரசு. நிலம், ஊராட்சி மன்றம், விவசாயம், காடு இவை மாநிலம். ஆக 1,700 ரிங்கிட் சம்பளம் உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் வேலையே இல்லை, அது சட்டமன்றத்திலும் நிறைவேறவில்லை, நாடாளுமன்றத்தில் தனி மசோதாவாகவும் வரவில்லை. 2011-ஆம் ஆண்டின் சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்தின் கீழ் வந்த ஓர் உத்தரவு அது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்குப் பொதுவாக 2025 பிப்ரவரி 1-இலிருந்தும், மீதிச் சிறு முதலாளிகளுக்கு ஆகஸ்ட் 1-இலிருந்தும் அமலானது. இதைத் தெரிவித்ததற்காக உங்கள் ஒய்.பி.யைக் குறை சொல்ல மாட்டேன், ஆட்களுக்குத் தெரிய வேண்டிய செய்திதான். ஆனால் "இது என் கையில் இல்லை, தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் சம்பளம் குறைவாக வாங்கும் ஒருவர் தப்பான வாசலில் போய் நிற்க மாட்டார்.

லயத்து வீடும் இப்படித்தான் இரண்டு பக்கமும் இழுபடுகிறது, உங்கள் அப்பாவின் குழப்பமே இங்கேதான். வேலை செய்யும் வரை வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர், மின்சாரம், சுகாதாரம் இதையெல்லாம் சொல்வது 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம். அது கூட்டரசுச் சட்டம், தொழிலாளர் இலாகாதான் வந்து பார்க்க வேண்டும். கூரை ஒழுகுகிறது, குழாயில் செம்மண் தண்ணீர் வருகிறது என்றால் அங்கே புகார் கொடுங்கள். ஆனால் அது தரத்தைப் பற்றிய சட்டம், ஒழுகாத கூரை வேண்டும் என்று கேட்க உதவுமே தவிர, வீடு எனக்குச் சொந்தம் என்று கேட்க உதவாது. சொந்த வீடு என்று பேச ஆரம்பித்தால் கேள்வி நிலத்துக்குப் போகிறது, நிலம் மாநிலத்துடையது. இங்கே உங்கள் ஒய்.பி.க்கு உண்மையாகவே வேலை இருக்கிறது.

என்ன வேலை என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அறிக்கைகளில் வராத பகுதி இதுதான். தோட்ட நிலத்தின் கெரானில், அதாவது நிலப் பட்டாவில், "விவசாயம்" என்று எழுதியிருக்கும். அதில் தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு, கட்ட வேண்டுமானால் தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவின் கீழ் நிபந்தனையை மாற்ற மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மாநில அரசின் கை ஓங்கியிருக்கிறது. பழைய தொழிலாளர்களுக்கு வீட்டு மனை ஒதுக்கு, அப்புறம் உனக்கு ஒப்புதல் தருகிறேன் என்று பேரம் பேச முடியும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறுவதற்கு அதே சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும், அதுவும் ஒரு பிடி. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று நம் ஆட்கள் தெருவுக்கு வந்த கதை உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். அந்த நெருக்கடியில்தான் அமைச்சராக இருந்த எங்கள் ஊர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்துத் தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வைத்தார். மூன்றாவதாக, 1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் கீழ் மாநிலமே நிலத்தை எடுக்கலாம், ஆனால் நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும், அரசியலமைப்பின் 13-ஆவது விதி அதைக் கட்டாயம் ஆக்குகிறது. காசு எங்கிருந்து வரும் என்பது பட்ஜெட் கேள்வி.

இந்த முடிவுகள் எதுவும் சட்டமன்ற விவாதத்தில் ஆவதில்லை. மந்திரி பெசாரின், அதாவது மாநில முதல்வரின், தலைமையில் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் ஆகின்றன. உங்கள் ஒய்.பி. ஆட்சிக்குழுவில் இல்லாதவர் என்றால் அந்த மேசையில் அவருக்கு நாற்காலி இல்லை. அவர் செய்யக்கூடியது கேட்பது, எழுதுவது, விடாமல் போய் நிற்பது. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நான் வேலை செய்த இடத்தில் சட்டமன்றத்தில் பேசிய பேச்சை விட, எழுத்துப்பூர்வப் பதில் கேட்டுக் கொடுத்த கேள்விகளால்தான் காரியம் நகர்ந்தது. பேச்சைக் கேட்டுவிட்டுப் போய்விடலாம், எழுத்தில் கேட்ட கேள்விக்கு அரசாங்கம் எழுத்தில் பதில் தர வேண்டும், அந்தப் பதில் காகிதமாக நம் கையில் இருக்கும். நல்ல ஒய்.பி. யார் என்று என்னைக் கேட்டால், கூட்டத்தில் சத்தமாகப் பேசியதைக் காணொளியாகப் போடுகிறவரை விட இந்தப் பதிலின் நகலை உங்களுக்கு அனுப்புகிறவரைத்தான் சொல்வேன்.

எனவே அப்பாவை அழைத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போங்கள், கையில் ஒரு கடிதத்தோடு போங்கள். தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வந்ததா, வந்தது என்றால் அந்த நாளின் ஹன்சார்ட், அதாவது சட்டமன்ற நடவடிக்கைப் பதிவு, பக்கம் எது என்று கேளுங்கள். எங்கள் தோட்டத்து நிலத்துக்கு நிபந்தனை மாற்றவோ விற்கவோ விண்ணப்பம் போயிருக்கிறதா, வீட்டு மனைக்கென்று ஏதாவது நிலம் குறிக்கப்பட்டிருக்கிறதா, அதற்குக் கோப்பு எண் உண்டா என்று கேளுங்கள். கோப்பு எண் இருந்தால் மாவட்ட நில அலுவலகத்தில் போய் விசாரிக்கலாம். கோப்பு எண் இல்லை என்றால் பேச்சு இன்னும் காகிதத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். கடிதத்தின் நகலில் தேதியோடு "தெரிமா" சாப், அதாவது பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். கோபப்பட வேண்டியதில்லை, அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் என்னைப் போல ஒரு ஆள்தான், சொன்னதைத்தான் எழுதியிருப்பார்.

ஒரு எச்சரிக்கை. வருஷா வருஷம் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தை, டி.ஓ.எல். என்பார்களே, அதைக் கெரான் என்று நம்பி வீடு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதி ஆகும், பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது, அரசாங்கம் நினைத்தால் புதுப்பிக்காமலும் விடலாம். யாராவது "நிலம் வாங்கித் தருகிறேன்" என்று வந்தால் எந்தக் காகிதம் என்று முதலில் கேளுங்கள்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தால் உடனே என்ன செய்வது என்பதில் நான் தெளிவாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அப்பாவின் வேலைக் கடிதத்தில் வீடு பற்றி என்ன எழுதியிருக்கிறது, தோட்டத்துக்கும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் நடுவே கூட்டு ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். சட்ட உதவி இலாகாவிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ காகிதத்தைக் காட்டிக் கேளுங்கள். ஓய்வு பெறுவதற்கு முன்பே தோட்டம் கைமாறி வேலை போனால் கதை வேறு. ஐந்து வருஷமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் என்று 1980-ஆம் ஆண்டின் விதிமுறைகளில் இருக்கிறது. வயதாகி ஓய்வு பெறுகிறவருக்கு அது கிடைக்காது. இந்த இரண்டையும் அப்பா கலந்துவிட வேண்டாம். எந்தத் தாளையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இதற்கிடையில் மாநில அரசின் மலிவு விலை வீட்டுக்கு இந்த மாதமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். விண்ணப்பித்தால் தோட்டத்து வீட்டுக் கோரிக்கை போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். எங்கள் மையத்துக்கு வந்தவர்களில் அப்படி யாருக்கும் ஆகவில்லை, ஆனாலும் சேவை மையத்தில் அந்தக் கடிதத்தோடு இதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் ஈ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை வீடு முடிவாகும் வரை தொடாமல் வையுங்கள். வேலைக் கடிதம் கிடைத்ததும் வீடு பற்றிய அந்த வரியை மட்டும், பெயர்களை மறைத்துவிட்டு, இங்கே எழுதுங்கள், என்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.